அம்மா குளிர்ந்துட்டா

தேசிங்கு அடிப்பதில் கைதேர்ந்தவன். எங்கே அடித்தால் வலிக்கும், எங்கே அடித்தால் உடையும், எங்கே அடித்தால் ஆள் எழுந்திருக்கவே மாட்டான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. முழங்காலுக்குக் கீழே அடிக்கலாம். தோள்பட்டையில் அடிக்கலாம். தலையில் மட்டும் கூடாது. இந்தக் கேட்டில் காவலுக்கு நின்ற மூன்று கோடையிலும் அவன் ஒருவர் தலையிலும் கம்பு வைத்ததில்லை. அதில் அவனுக்கு ஒரு கர்வமே இருந்தது. அடிக்கிறவனுக்கு என்ன கர்வம் வேண்டிக்கிடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உள்ளே நாற்பது பிள்ளைகள் உயிரோடு கிடக்கிறார்கள் என்றால் அதில் பாதி தன் கம்பினால்தான் என்று அவன் நம்பினான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

அந்தக் கட்டடம் முன்பு ஒரு கல்யாண மண்டபம். பாலாற்றங்கரையில் அவ்வளவு பெரிய மண்டபம் வேறு கிடையாது. வெயில் உயிரெடுக்கிற கொதிநாள்கள் வரத் தொடங்கிய பிறகு அரசாங்கம் அதை எடுத்துக் குளிர்கூடம் ஆக்கியது. பந்தி நடந்த கூடத்தில் கட்டில்கள் போட்டார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கழுத்துப்பட்டை. அதைப் பிள்ளையின் கழுத்தில் கட்டினால், தலைக்கும் உடம்புக்கும் போகிற ரத்தத்தைக் குளிரவைத்து அனுப்பும். ஒரு பகல் முழுக்கக் கட்டிவைத்தால் மூளையும் சிறுநீரகமும் தப்பிக்கும். கட்டாவிட்டால் சில பிள்ளைகள் தப்பும், பல தப்பாது. முகப்பில் இருந்த ‘நல்வரவு’ பலகையைக் கழற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் கோடையிலேயே தேசிங்கு டாக்டர் ஷமீமாவிடம் கேட்டிருக்கிறான்.

“ஏம்மா, நம்ம சின்ன வயசுலயும்தான் வெயில் அடிச்சுது. நாமெல்லாம் அதுலதான கில்லி ஆடினோம்? இப்ப மட்டும் இன்னா புதுசா?”

“அப்ப வேர்வை காஞ்சுது தேசிங்கு. காஞ்சாத்தான் உடம்பு குளிரும். இப்ப காத்து பூரா ஈரம். வேர்வை வழியுது, காய மாட்டேங்குது. சூடு உள்ளயே தங்கிடுது.”

“அது பெரியவங்களுக்கும்தான?”

“அடுப்புல ஒரு குடத்தையும் ஒரு டம்ளரையும் வை. எது மொதல்ல கொதிக்கும்?”

 தேசிங்கின் வீட்டிலும் ஒரு டம்ளர் இருந்தது. பெயர் நறுமுகை, வயது நான்கு.

யாருக்குக் கட்டில் என்பதைத் தீர்மானிப்பது மனிதர் இல்லை. அதற்கு ஒரு கணினி நிரல் இருந்தது. மாவட்டத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கெல்லாம் அது போன் செய்து, பெண் குரலில் “பிள்ளை எப்படி இருக்கிறது?” என்று விசாரிக்கும். பெற்றவர் சொல்கிற வார்த்தையையும், பின்னால் கேட்கிற பிள்ளையின் மூச்சையும் வைத்து எந்தப் பிள்ளைக்கு ஆபத்து அதிகம் என்று கணக்குப் போடும். அரசாங்கம் அதற்கு என்னவோ நீளமாகப் பெயர் வைத்திருந்தது. ஊர் அதற்கு விசாலாட்சி என்று பெயர் வைத்தது. ஓயாமல் விசாரிக்கிறவள் விசாலாட்சிதானே.

விசாலாட்சி சொல்கிற பெயர்கள் கேட்டுக்கு மேலே ஒரு பலகையில் ஓடும். கட்டில் காலியானதும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவாள். கேட்டின் தூணில் ஒரு மைக் இருந்தது. பிள்ளைக்காகப் போனில் பேசுகிற தாயோ தகப்பனோ அதில் பதில் சொல்ல வேண்டும். குரல் பொருந்தினால்தான் கேட் திறக்கும். முந்தின வருஷம் ஆள்மாறாட்டம் செய்து அடுத்தவன் பிள்ளையின் கட்டிலைப் பிடித்தவர்களால் வந்த ஏற்பாடு அது. மூன்று முறை கூப்பிட்டும் குரல் வரவில்லை என்றால் அடுத்த பெயர். உள்ளிருந்தபடி அதை டாக்டர்கூட மாற்ற முடியாது; கேட்டுக்கு நேரில் வந்து மைக்கை நிறுத்தினால்தான் உண்டு.

அன்று காலையிலிருந்தே கூட்டம் சரியில்லை. சந்தைமேட்டில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள் என்ற செய்தி, வெயில் ஏறுமுன்னே வந்து சேர்ந்துவிட்டது. முதல் கல் விழுந்தபோது தேசிங்குக்குப் பக்கத்தில் நின்ற காவலாளியின் புருவம் கிழிந்து கண் மூடிக்கொண்டது. அவனை உள்ளே அனுப்பிவிட்டுத் தேசிங்கு தனியாக நின்றான். பிள்ளைகளை இறக்கிவிட்டு நின்ற காலி வேனை நாலைந்து பேர் பிடித்து ஆட்டிக் கவிழ்த்தார்கள். டிரைவர் உடைந்த கண்ணாடி வழியாக வெளியே வந்தான். முழங்கை முழுக்கச் சில்லு. கவிழ்த்தவர்களே அவனைத் தூக்கி நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுபடி கல் பொறுக்கப் போனார்கள். கோபம் யார்மேல் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கேட் கண்ணுக்குத் தெரிந்தது, கேட்டில் நின்றவன் தெரிந்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

தேசிங்கு அடித்தான். கை சலிக்க அடித்தான். ஒருத்தி அவன் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாள். அவளை உதறியபோது அவளுடைய பல் ஒன்று அவன் சட்டைக் கையில் தங்கியது. ஒரு கிழவன் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு தொடை கிழிந்து கத்தினான். இத்தனைக்கும் நடுவில் தேசிங்கு அவ்வப்போது பலகையைப் பார்த்துக்கொண்டான். நேற்றுச் சாயங்காலம் நறுமுகையின் பெயர் அதில் ஒன்பதாவதாக இருந்தது. இன்று மேலே வந்திருக்க வேண்டும். தூசியிலும் கல்வீச்சிலும் அவனுக்குச் சரியாகப் படிக்க முடியவில்லை.

அப்போதுதான் மாசிலாமணி வந்தான். டேனரியில் தோல் அலசுகிறவன். மனைவி இல்லை. ஆறு வயதுப் பையனைத் துண்டால் முதுகில் கட்டிக்கொண்டு, கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு கேட்டுக்கு வந்தான்.

“சார், என் புள்ள பேரு நேத்து வரிக்கும் இருந்துச்சு சார். தஸ்வினு பேரு. இன்னிக்கு பலகைல காணோம்.”

“இன்னிக்கு இருவது பேரு இதத்தான் சொல்லிட்டாங்க. ஓரமா போப்பா.”

“பொய் சொல்லல சார். நேத்து அந்தப் பொம்பள போன் பண்ணுச்சு. பேசிகினே இருக்கசொல்ல கட் பண்ணிடுச்சு. அதோட பேரு போயிடுச்சு. உள்ள ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு சார்.”

“உள்ள கேட்டா கட்டில் மொளைக்குமா? போ சொல்றேன்ல.”

மாசிலாமணி போகவில்லை. கேட்டில் கால் வைத்து ஏறினான். முதுகில் பையனோடு பாதி ஏறிவிட்டான். தேசிங்கு விதிப்படி முழங்காலுக்குக் கீழே ஒன்று போட்டான். மாசிலாமணி விழுந்தான். விழும்போதே புரண்டு, பையன் அடியில் நசுங்காமல் தன் முதுகின்மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டான். பையன் அழவில்லை. அழுவதற்கும் உடம்பில் தண்ணீர் வேண்டும்.

எழுந்து வந்த மாசிலாமணி கம்பிக்கு இடையில் கைவிட்டுத் தேசிங்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். முகத்தோடு முகமாக இழுத்தான். சத்தமே போடாமல் சொன்னான்.

“உனக்கும் பொட்டப் புள்ள கீதுல்ல? வயிறு எரிஞ்சு சொல்றேன். என் புள்ளைக்கு ஆனது உன் புள்ளைக்கும் ஆவும்.”

கல்லடியைப் பொறுத்தவன், கடியைப் பொறுத்தவன், இதைப் பொறுக்கவில்லை. தகப்பனைத் திட்டு, பாட்டனைத் திட்டு, பிள்ளைமேல் சாபம் விடாதே என்பதுதானே ஊர் வழக்கம். தேசிங்கு கேட்டின் சிறுகதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். கம்பை இரண்டு கையாலும் பிடித்து, எங்கே என்று பார்க்காமல் வீசினான். காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது. மாசிலாமணியின் தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் கலந்து நூலாக இறங்கின. அவன் பேச முயன்றான். நாக்கு மட்டும் அசைந்தது. யாரோ இரண்டு பேர் அவனை இழுத்துப் போய் மதிலோரம் உட்காரவைத்து, பையனை மடியில் இறக்கிவிட்டு, அந்தத் துண்டால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினார்கள்.

 மூன்று கோடையின் கர்வம் அந்த ஒரு வீச்சில் போனது தேசிங்குக்கே தெரிந்தது. ஆனால் கூட்டம் பின்வாங்கியிருந்தது. ரத்தத்துக்கு அந்த மரியாதை உண்டு.

அந்த இடைவெளியில்தான் அவன் மனைவி சங்கவி வந்தாள். இடுப்பில் நறுமுகை. பிள்ளையின் தலை தோளில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. கழுத்திலும் கன்னத்திலும் அம்மைப் புண்கள் இன்னும் காயாமல் இருந்தன. இந்தக் கோடையில் பாதி வீடுகளில் வேப்பிலை தொங்கியது. சூடு வந்த இடத்துக்கெல்லாம் அம்மாவும் வந்தாள்.

சங்கவி சிறுகதவு அருகே அவனிடம் வந்து நின்றாள்.

“இன்னாமே, ஏன் இட்டுகினு வந்த? பேரு கூப்ட்டப்புறம் வான்னு சொன்னேன்ல?”

“எங்கய்யா கூப்புடுவாங்க? நேத்து ராத்திரிலேர்ந்து விசாலாட்சி போனே பண்ணல. மணிக்கொரு வாட்டி பண்ணுவா. புள்ளைக்கு வேர்வையே நின்னு போச்சு. மூத்திரம் காபி கணக்கா போவுது.”

தேசிங்கு பலகையை நிமிர்ந்து பார்த்தான். இப்போது தூசி அடங்கியிருந்தது. மேலிருந்து கீழே படித்தான். கீழிருந்து மேலே படித்தான். நறுமுகை இல்லை.

கேட்டைப் பூட்டிவிட்டு அவன் உள்ளே ஓடினான். டாக்டர் ஷமீமா ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கையில் ரத்தம் தோய்ந்த கம்போடு வந்து நின்றவனைப் பார்த்து அவர் ஊசியை வைத்துவிட்டார்.

“என் பொண்ணு பேரு எங்க போச்சும்மா?”

“கத்தாத. பிள்ளைங்க தூங்குது. பேரு போகாது, மேலயோ கீழயோ நகரும், அவ்வளவுதான்.”

“போயிடுச்சு. நீங்களே பாருங்க.”

அவர் திரையில் தேடினார். நறுமுகை என்று போட்டதும் பெயர் வந்தது. பக்கத்தில் ‘முடிந்தது’ என்று இருந்தது.

“முடிஞ்சுதுன்னா இன்னாம்மா அர்த்தம்?”

 ஷமீமா ஒருமுறை கண்ணை அவன்மேல் வைத்து எடுத்தார். அப்புறம் கேட்டார்: “தேசிங்கு, நறுமுகை… உயிரோட இருக்கால்ல?”

“கேட்டாண்ட அவங்க அம்மா இடுப்புல கீறா.”

நேற்றைய போன் பேச்சை அவர் எடுத்து ஓடவிட்டார். விசாலாட்சியின் குரல் கேட்டது: “பிள்ளை எப்படி இருக்கிறது?” சங்கவியின் குரல் சந்தோஷமாகவே வந்தது: “அம்மா குளிர்ந்துட்டாங்க. மூணாந்தண்ணியும் ஊத்தியாச்சு. ஆனா ஒடம்பு—” அவ்வளவுதான். பேச்சு நடுவிலேயே வெட்டுப்பட்டது. “உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம்” என்றாள் விசாலாட்சி.

“துயரம்னு என்னமோ சொன்னிச்சுன்னு வீட்ல சொன்னா,” என்றான் தேசிங்கு. “அம்மை போட்டதுக்குச் சொல்லுதாக்கும்னு நெனச்சோம்.”

ஷமீமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 

“நான்தான் சொல்லிக் கொடுத்தேன்,” என்றார்.

“இன்னா சொல்லிக் கொடுத்தீங்க?”

“போன வருஷம், செத்துப்போன பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் இது போன் பண்ணிக்கிட்டே இருந்துது. பிள்ளை எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு. எந்தத் தாயாவது ‘செத்துட்டா’ன்னு சொல்லுவாளா? போயிட்டா, அடங்கிட்டா, சாமிகிட்ட போயிட்டா, குளிர்ந்துட்டா… இப்படித்தான சொல்றாங்க? அது இதுக்குப் புரியல. ஒரு அம்மா அந்தப் போனாலேயே கிணத்துல விழப் போனா. அதனால நான்தான் உட்கார்ந்து அந்த வார்த்தையெல்லாம் இதுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதெல்லாம் கேட்டா இனிமே அந்த வீட்டுக்குப் போன் பண்ணாத, துக்கம் சொல்லிட்டு விட்டுடுன்னு.”

“அம்மா குளிர்ந்துட்டான்னா அம்மை எறங்கிடுச்சுன்னுதானம்மா.”

“எனக்குத் தெரியும். எங்க தெருவுலயும் அப்படித்தான் சொல்வாங்க. தெரிஞ்சும் தோணல. போன வருஷம் இவ்வளவு அம்மை இல்லையே.”

பாவம், இரக்கப்பட்டுச் செய்த காரியம். கல்நெஞ்சக்காரி யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால், செத்த பிள்ளைகளின் வீட்டில் போன் அடித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். ஆனால் உயிரோடிருக்கிற பிள்ளை பட்டியலைவிட்டுப் போயிருக்காது.

அவர் விறுவிறுவென்று தட்டினார். அந்த ஒரு வார்த்தையால் ‘முடிந்தது’ ஆன பெயர்கள் எல்லாம் திரையில் வந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் செய்தார். ஒரு வீட்டில் ஒரு பெண், “இப்ப வந்து கேக்குறியே, முந்தாநேத்து நீ எங்க போன?” என்று கேட்டுவிட்டு வைத்தாள். ஒரு வீட்டில் ஆண் குரல் கெட்ட வார்த்தையில் தொடங்கி அழுகையில் முடிந்தது. இன்னொரு வீட்டில், “பால் தெளிச்சாச்சும்மா” என்று மட்டும் சொன்னார்கள். பெயரை எடுத்தபோது உயிரோடிருந்த பிள்ளைகள், பெயரை எடுத்ததால் செத்திருந்தார்கள். ஷமீமா அழுதுகொண்டே அடுத்த எண்ணை அழுத்தினார்.

கடைசி எண்ணில் போனை எடுத்தார்கள். பேச்சு வரவில்லை. ஈரமாக ஒரு மூச்சு. தொண்டைக்குள் யாரோ வார்த்தையை உருட்டுவதுபோல “ஆ… ஊ…” என்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால், மெலிந்துபோன ஒரு பையன் குரல்: “அப்பா, தண்ணி.”

“இவன் உயிரோட இருக்கான்,” என்று ஷமீமா எழுந்துவிட்டார். “தஸ்வின், ஆறு வயசு. தகப்பனார் மாசிலாமணி. ஹலோ, சார், எங்க இருக்கீங்க? கேட்டுக்கு வாங்க. கேக்குதா?” மறுபடியும் அதே உருட்டல். “ஏன் தேசிங்கு, இவரு ஏன் பேச மாட்டேங்குறாரு?”

தேசிங்கின் கம்பில் இருந்த ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவன் அதை முதுகுக்குப் பின்னால் மாற்றிப் பிடித்தான்.

“தெரியலம்மா,” என்றான்.

ஷமீமா இரண்டு பெயரையும் பட்டியலில் திரும்ப ஏற்றினார். இரண்டும் உச்சிக்குப் போய் நின்றன. முதலில் தஸ்வின், அடுத்து நறுமுகை.

“அவனுக்கு சூடு அதிகம். அவன்தான் முதல்ல,” என்றார். “இப்ப ஒரு கட்டில் காலியாகுது.”

“அடுத்தது?”

“சாயங்காலம்.”

“சாயங்காலம் வரிக்கும் என் பொண்ணு தாங்குவாளாம்மா?”

டாக்டர்கள் பதில் தெரியாதபோது பேசுவார்கள். தெரிந்தபோது சும்மா இருப்பார்கள். ஷமீமா சும்மா இருந்தார்.

“அந்த ஆளு வரலன்னா?” என்றான் தேசிங்கு.

“வருவாரு. குரல் கொடுத்தாப் போதும். நீ வெளிய போய் அவரைத் தேடிக் கூட்டிட்டு வா. ஏதாவதுன்னா வாக்கிடாக்கியில சொல்லு, நானே வெளிய வந்து மைக்கை நிறுத்திட்டு பையனைத் தூக்கிக்கறேன்.”

அவன் வெளியே வந்தான். மதிலோரம் மாசிலாமணி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். தேட வேண்டிய வேலையே இல்லை. வாக்கிடாக்கி தேசிங்கின் இடுப்பில் இருந்தது. பொத்தானை அழுத்தி நாலு வார்த்தை சொன்னால் போதும்: ‘அவரு தாடைய நான் ஒடச்சிட்டேன்.’ அவன் வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தான். கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தான். சங்கவி நறுமுகையின் உதட்டில் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை அதைச் சப்பவில்லை.

அவனை நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெட்டவன் என்று சொல்லவும் வரவில்லை. அந்தக் கட்டைவிரல் பொத்தானை அழுத்தாமல் அப்படியே இருந்தது.

“தஸ்வின். தகப்பனார் மாசிலாமணி. குரல் கொடுக்கவும்,” என்றாள் விசாலாட்சி ஒலிபெருக்கியில்.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. மாசிலாமணி எழுந்தான். அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்கை நோக்கி வந்தான். வழியில் ஒருத்தன் மறித்தான். மாசிலாமணி நெற்றியாலேயே அவன் மூக்கில் முட்டினான். முட்டிய வேகத்தில் தாடைத் துண்டு அவிழ்ந்தது. வலியில் மாசிலாமணி முழங்காலிட்டு விழுந்து மறுபடி எழுந்தான்.

“தஸ்வின். தகப்பனார் மாசிலாமணி. குரல் கொடுக்கவும்.”

“ஆ… ஆ…” என்றான் மாசிலாமணி மைக்கின்முன். “குரல் பொருந்தவில்லை,” என்றாள் விசாலாட்சி.

“யாருய்யா அந்த ஆளு?” என்று சங்கவி கேட்டாள். “உன்னியே பாக்குறாரு.”

“தெரியாது. நீ மைக்காண்ட வந்து நில்லு.”

மாசிலாமணி உண்மையிலேயே தேசிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேசிங்குக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சொல்லேன், நீ சொன்னால் போதுமே என்கிற கெஞ்சல்தான் இருந்தது. தேசிங்கு பார்வையை எடுத்துப் பலகைமேல் வைத்துக்கொண்டான்.

“தஸ்வின். தகப்பனார் மாசிலாமணி. கடைசி அழைப்பு.”

மாசிலாமணி தன் தாடையைத் தன் கையாலேயே பிடித்தான். கோணிக் கிடந்ததை நேராகத் தள்ளினான். எலும்போடு எலும்பு உரசுகிற சத்தம் மைக்கில் ஏறி ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது. கூட்டத்தில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டாள். தாடையை அப்படிப் பிடித்தபடியே, கண் பிதுங்க, அவன் ஒரு வார்த்தையை வெளியே தள்ளினான்: “இ… ங்… க…”

“குரல் பொருந்தவில்லை. அடுத்த பெயர். நறுமுகை. தாயார் சங்கவி. குரல் கொடுக்கவும்.”

“இங்க கீறோம், இங்கதான் கீறோம்,” என்று சங்கவி மைக்கில் வாயை வைத்து அழுதாள்.

கேட் திறந்தது. உள்ளிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். சங்கவி பின்னாலேயே ஓடினாள். ஓடும்போது திரும்பி ஒருமுறை கணவனைப் பார்த்தாள். என் பிள்ளை பிழைத்துவிட்டாள் என்கிற அந்த முகத்தைத் தேசிங்கு இனி ஆயுசுக்கும் மறக்கப்போவதில்லை. கேட் மூடிக்கொண்டது.

மாசிலாமணி அவனை நோக்கி வந்தான். தேசிங்கு கம்பை உயர்த்தினான். வரட்டும், அடிக்கட்டும், கழுத்தைப் பிடிக்கட்டும், அது நியாயம்தான் என்று ஒரு மனம் சொன்னது. கை தன் பழக்கத்துக்குக் கம்பை இறுக்கியது.

மாசிலாமணி அடிக்கவில்லை. அவனுக்கு நிற்கவே பலம் இல்லை. தோளிலிருந்த பையனை இறக்கி, இரண்டு கையிலும் ஏந்தி, தேசிங்கின் முன்னால் நீட்டினான். அடிக்க வருகிறவனை எப்படித் தடுப்பது என்று தேசிங்குக்குத் தெரியும். பிள்ளையை நீட்டுகிறவனை என்ன செய்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அவன் கம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மாசிலாமணி அவன் காலடியிலேயே சரிந்து விழுந்தான்.

பையனின் உடம்பு சட்டையைத் தாண்டிச் சுட்டது. தேசிங்கு ஒரு கையால் வாக்கிடாக்கியைத் தேடினான். விரல் வழுக்கியது. அது கீழே விழுந்து மாசிலாமணியின் ரத்தத்தில் கிடந்தது. பையன் கண் திறக்கவில்லை. யார் கையில் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. சூடான முகத்தைத் தேசிங்கின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, உதட்டை மெல்ல அசைத்தான்.

“அப்பா,” என்றான். “நம்ம பேரு கூப்ட்டாங்கப்பா. மூணு வாட்டி கூப்ட்டாங்க.”

“ஆமாடா,” என்றான் தேசிங்கு. “கேட்டுச்சு.”